விற்பனை ஏன் குறைந்தது என்பதை ஒரே படத்தில் காட்டுவது எப்படி?

வடக்கு வட்டாரக் கணக்காளர் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் ஐந்து மளிகைக் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் விற்பனை அறிக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சிராங்கூன் சாலையில் பெரிய கடை ஒன்றும், ஈசூன், உட்லண்ட்ஸ், அங் மோ கியோ, ஜூரோங் வெஸ்ட் ஆகிய பேட்டைகளில் சிறிய கடைகள் நான்கும் எங்களுக்கு உள்ளன. மாதந்தோறும் பவர் பிஐ என்ற தரவு மென்பொருளில் ஓர் அறிக்கை தயாரித்து நிர்வாகக் கூட்டத்தில் காட்டுவது வழக்கம்.

சென்ற வாரம் 2024 அக்டோபர் விற்பனையை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டுக் காட்டினேன். நிறுவனத்தின் உண்மையான எண்களை இங்கே வெளியிட இயலாது என்பதால், விகிதம் கெடாத வகையில் முழு எண்களாக மாற்றித் தருகிறேன். மொத்த விற்பனை 600,000 வெள்ளியிலிருந்து 576,000 வெள்ளிக்கு, அதாவது 4 விழுக்காடு, இறங்கியுள்ளது. ரசீதுகளின் எண்ணிக்கை 20,000இலிருந்து 18,000 ஆகக் குறைந்துள்ளது. சராசரி ரசீதுத் தொகையோ 30 வெள்ளியிலிருந்து 32 வெள்ளியாகக் கூடியுள்ளது.

என் அறிக்கையில் பன்னிரண்டு வரைபடங்கள் இருந்தன. முதலாளி அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, "சரி, ஏன் குறைந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட விடை சொல்லவில்லை. ஒருவர், வார இறுதியில் மக்கள் கடற்பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூருக்குச் சென்று பொருள் வாங்குவதே காரணம் என்றார். இன்னொருவர், விலையை ஏற்றியதால் ஆள்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் வருவோர் அதிகம் செலவிடுகிறார்கள் என்றார். இரண்டையும் மறுக்கவோ ஏற்கவோ என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஓர் அளவீட்டையும் அதன் ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் உள்ள காரணிகளையும், கணக்குத் துறை சாராதவருக்கும் விளங்கும்படி ஒரே படத்தில் காட்ட என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

வணக்கம். படத்தைத் தேடுவதற்கு முன் சூத்திரத்தை எழுதிவிடுவது நல்லது. உங்கள் விற்பனை, ரசீதுகளின் எண்ணிக்கையைச் சராசரி ரசீதுத் தொகையால் பெருக்கக் கிடைப்பது. இப்படி ஓர் எண்ணைப் பெருக்கல் காரணிகளாகப் பிரித்து மரம்போல் வரைந்து காட்டும் வழக்கத்துக்கு வயது நூறாண்டுக்கு மேல். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர், முதலீட்டின் மீதான வருவாயை இலாப விகிதம், சொத்துச் சுழற்சி (சொத்தோடு ஒப்பிட விற்பனை எத்தனை மடங்கு) என இரண்டாகப் பிரித்து, எந்தக் கிளை தளர்ந்திருக்கிறது என்று பார்க்க வைத்தார். அந்தக் காரணி மரத்தை முதலில் தாளில் வரையுங்கள், மென்பொருள் அப்புறம்.

மரம் தயாரானதும், மாற்றத்தைக் காட்ட ஏற்றது வாட்டர்ஃபால் சார்ட் எனப்படும் அருவி வரைபடம். இடது ஓரத்தில் பழைய தொகை, வலது ஓரத்தில் புதிய தொகை, நடுவில் ஒவ்வொரு காரணியும் எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு இறக்கியது என்பதைக் காட்டும் படிகள். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால், 2,000 ரசீதுகள் பழைய சராசரியான 30 வெள்ளி வீதம் குறைந்ததால் 60,000 வெள்ளி இறங்கியது. பழைய 20,000 ரசீதுகளுக்கும் 2 வெள்ளி கூடியிருந்தால் 40,000 வெள்ளி ஏறியிருக்கும். இரண்டும் ஒருசேர மாறியதால் எஞ்சுவது 4,000 வெள்ளி இறக்கம். மூன்றையும் கூட்டினால் சரியாக 24,000 வெள்ளி குறைவு.

ஆனால் இந்தப் படத்தைத் தயவுசெய்து இப்போதே கூட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். "ஆள் குறைவு, செலவு அதிகம்" என்று அது சொல்லும். அது உண்மைதானா என்று நமக்கு இன்னும் தெரியாது. பெரிய கடையின் ரசீதும் பேட்டைக் கடையின் ரசீதும் ஒரே அளவாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டையும் பிரித்து எண்களைத் தர முடியுமா? அந்த மாதத்தில் ஏதேனும் கடை மூடியிருந்ததா என்பதையும் சொல்லுங்கள்.


வடக்கு வட்டாரக் கணக்காளர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பிரித்துப் பார்த்தேன். பெரிய கடையில் 2023 அக்டோபரில் 10,000 ரசீதுகள், சராசரி 40 வெள்ளி. 2024 அக்டோபரில் 11,700 ரசீதுகள், சராசரி 39 வெள்ளி. நான்கு சிறிய கடைகளிலும் சேர்த்து அப்போது 10,000 ரசீதுகள், சராசரி 20 வெள்ளி. இப்போது 6,300 ரசீதுகள், சராசரி 19 வெள்ளி. ஜூரோங் வெஸ்ட் கடை இந்த ஆண்டு அக்டோபர் முழுவதும் சீரமைப்புக்காக மூடியிருந்தது. சென்ற ஆண்டு அங்கு 2,500 ரசீதுகள், அதே 20 வெள்ளிச் சராசரியில். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கடை மூடியிருந்தது தெரியும். சிறிய கடைதானே என்று யாரும் பேசவில்லை.

எனக்குக் குழப்பமாக இருப்பது ஒன்று. பெரிய கடையிலும் சிறிய கடைகளிலும் சராசரி ரசீதுத் தொகை ஒரு வெள்ளி குறைந்திருக்கிறது. மொத்தத்தில் மட்டும் இரண்டு வெள்ளி கூடியிருக்கிறது. கணக்கில் பிழை என்று மூன்று முறை சரிபார்த்தேன்.


ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் எழுதியது:

பிழை இல்லை. புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்று இதைச் சொல்வார்கள். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் இதைப் பற்றி எழுதினார். முன்பு ரசீதுகளில் பாதி பெரிய கடையினுடையவை. இப்போது 65 விழுக்காடு அங்கிருந்து வருகின்றன. சிறிய தொகை ரசீதுகள் கணக்கிலிருந்து நீங்கியதால் சராசரி தானாகவே உயர்ந்து தெரிகிறது. யாரும் அதிகம் செலவிடவில்லை. விலையேற்றத்தால் வருவோர் கூடுதலாகச் செலவிடுகிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்ன விளக்கம் இத்துடன் விழுந்துவிடுகிறது.

இப்போது படிகளை வேறு விதமாக அமையுங்கள். முதல் படி ஜூரோங் வெஸ்ட் மூடல்: 50,000 வெள்ளி இறக்கம். இரண்டாவதும் மூன்றாவதும் திறந்திருந்த மூன்று சிறிய கடைகள்: ரசீதுகள் 7,500இலிருந்து 6,300 ஆனதால் 24,000 இறக்கம், தொகை ஒரு வெள்ளி குறைந்ததால் 6,300 இறக்கம். அடுத்த இரண்டும் சிராங்கூன் சாலைக் கடை: ரசீதுகள் 1,700 கூடியதால் 68,000 ஏற்றம், தொகை ஒரு வெள்ளி குறைந்ததால் 11,700 இறக்கம். கூட்டிப் பாருங்கள்; அதே 576,000தான் வரும். அதே விற்பனைதான், அதே 4 விழுக்காடுதான். ஆனால் முன்பு சொன்ன கதைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மூடிய கடையை இரண்டு ஆண்டிலிருந்தும் நீக்கினால், மற்ற நான்கு கடைகளின் விற்பனை 550,000இலிருந்து 576,000 ஆக உயர்ந்திருக்கிறது. உங்கள் முதலாளி "ஏன் குறைந்தது?" என்று கேட்டார். திறந்திருந்த கடைகளில் மொத்தமாகக் குறையவே இல்லை என்பது அவருக்கு முதலில் தெரிய வேண்டியது. அதற்குள்ளே மூன்று சிறிய கடைகளில் ரசீதுகள் 16 விழுக்காடு சரிந்திருப்பதுதான் கவலைக்குரியது.


தேக்கா வியாபாரி எழுதியது:

எனக்கு வரைபடம் வரையத் தெரியாது. ஆனால் இருபது ஆண்டுகளாக லிட்டில் இந்தியாவில் கடை நடத்துகிறேன் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி. இவ்வாண்டு அக்டோபர் 31. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எங்கள் பகுதியில் நடக்கப் பாதை இருக்காது. அந்த இரண்டு வாரமும் சென்ற ஆண்டு பெரும்பாலும் நவம்பரில் விழுந்தது. இந்த ஆண்டு முழுவதும் அக்டோபரில் விழுந்துவிட்டது. உங்கள் பெரிய கடையில் 1,700 ரசீதுகள் கூடியதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதம் நவம்பரை நவம்பரோடு ஒப்பிடும்போது பெரிய சரிவு தெரியும். அப்போது கூட்டத்தில் பதற்றம் வரும். இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2023 அக்டோபரில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். 2024 அக்டோபரில் நான்குதான். வெளிநாட்டு ஊழியர்களின் ஓய்வு நாள் ஞாயிறு என்பதால், சிராங்கூன் சாலையில் ஒரு ஞாயிறு கூடுவதும் குறைவதும் மாதக் கணக்கையே அசைத்துவிடும். ஆகவே மாதத்துக்கு மாதம் ஒப்பிடாமல், தீபாவளிக்கு முந்தைய நாளோடு முடியும் நான்கு முழு வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் அக்டோபர் 15 முதல் நவம்பர் 11 வரை. 2024இல் அக்டோபர் 3 முதல் 30 வரை. இரண்டிலும் 28 நாள்கள். ஒவ்வொரு கிழமையும் நான்கு முறை வரும். புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் வெளியிடும் சில்லறை விற்பனைக் குறியீட்டைப் படிக்கும்போதும் இதே தொல்லை உண்டு: சீனப் புத்தாண்டு 2023இல் ஜனவரி 22, 2024இல் பிப்ரவரி 10. ஜனவரியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

கடைசியாக, நீங்கள் தந்த தொகை பொருள் சேவை வரியைச் சேர்த்ததா, நீக்கியதா? கல்லாவிலிருந்து நேராக எடுத்த எண் என்றால் வரி அதில் இருக்கும். 2023 முழுவதும் வரி 8 விழுக்காடு. 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு.


தரவுப் பணியாளர் எழுதியது:

மேலே உள்ள கேள்வி மிக முக்கியமானது. தொகைகளில் வரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வரியை நீக்கிய விற்பனை 2023இல் சுமார் 555,600 வெள்ளி, 2024இல் சுமார் 528,400 வெள்ளி. குறைவு 4 விழுக்காடு இல்லை, ஏறத்தாழ 4.9 விழுக்காடு. எந்தக் காரணி மரத்திலும் இடம்பெறாமலேயே வரி கிட்டத்தட்ட ஒரு விழுக்காட்டை மறைத்துவிட்டது.

கணக்காய்வாளர் ஐயா குறிப்பிட்ட 4,000 வெள்ளி எச்சத்தைப் பற்றியும் ஒரு விளக்கம். இரண்டு காரணிகள் ஒன்றாக மாறும்போது வரும் இந்த எச்சத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்பது பழைய சிக்கல். எந்தக் காரணியை முதலில் மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ரசீது எண்ணிக்கையின் பங்கு 60,000 ஆகவும் இருக்கலாம், 64,000 ஆகவும் இருக்கலாம். எச்சம் இல்லாமல் பிரிக்கும் முறை ஒன்றை எரிசக்தித் துறையில் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். எல்எம்டிஐ எனப்படும் அந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி. டபிள்யூ. ஆங். ஒரு நாட்டின் எரிசக்திப் பயன்பாடு கூடியதற்குப் பொருளியல் வளர்ச்சி எவ்வளவு, தொழில்துறைக் கட்டமைப்பின் மாற்றம் எவ்வளவு, சிக்கனம் எவ்வளவு என்று பிரிக்க உருவான கணக்கு, மளிகைக் கடைக்கும் அப்படியே பொருந்தும். இரண்டு தொகைகளின் மடக்கைச் சராசரியை (தொகைகளின் வித்தியாசத்தை அவற்றின் இயல் மடக்கைகளின், அதாவது லாகரிதங்களின், வித்தியாசத்தால் வகுத்தால் வருவது) எடுத்து, ஒவ்வொரு காரணியின் விகிதத்துக்குமான இயல் மடக்கையால் பெருக்க வேண்டும். உங்கள் முதல் எண்களுக்கு அது ரசீது எண்ணிக்கைக்கு 61,943 இறக்கத்தையும், தொகைக்கு 37,943 ஏற்றத்தையும் தருகிறது. கூட்டினால் துல்லியமாக 24,000 இறக்கம். காரணிகள் நான்கைந்து என்று பெருகும்போது இந்த முறை மிகவும் கைகொடுக்கும். ஆயினும் நிர்வாகக் கூட்டத்தில் மடக்கையை விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இரண்டே காரணிகள் என்றால் ஐயா செய்ததுபோல் எச்சத்தைத் தொகையோடு சேர்த்துவிட்டு, எப்படிச் சேர்த்தீர்கள் என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மாதா மாதம் அதே முறையை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

இனி படம். 600,000 என்ற தூணுக்கு அருகில் 6,300 வெள்ளிப் படி ஒரு கோடாகத்தான் தெரியும். அதற்காகச் செங்குத்து அச்சை 500,000இல் தொடங்கினால் ஓரத் தூண்களின் உயரம் பொய் சொல்லும். நான் ஓரத் தூண்களையே எடுத்துவிடுவேன். பழைய தொகையையும் புதிய தொகையையும் தலைப்பிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டு, சுழியத்திலிருந்து தொடங்கும் ஐந்து படிகளை மட்டும் வரைவேன். படிகளைப் பெரிது சிறிது என்று அடுக்காமல் கடைவாரியாக அடுக்குங்கள். கேட்பவர் ஒவ்வொரு கடையாகத்தான் யோசிப்பார். சிவப்பு, பச்சை வேண்டாம். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். நீலமும் ஆரஞ்சும் போதும். எக்செல் 2016 முதல் அருவி வரைபடம் உள்ளேயே இருக்கிறது. ஓரத் தூண்களை வைத்துக்கொள்வதென்றால் கடைசித் தூணை மொத்தம் என்று குறிக்க மறந்துவிடாதீர்கள், இல்லையேல் அது இன்னொரு படியாக மேலே ஏறி நிற்கும். பவர் பிஐ-யின் அருவி வரைபடம் கடைவாரியான வித்தியாசத்தைத் தானே பிரிக்கும். ரசீது எண்ணிக்கை, தொகை என்ற பிரிப்பை நீங்கள்தான் முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையாகத் தர வேண்டும்.

மூன்று சிறிய கடைகளின் 16 விழுக்காட்டுச் சரிவைப் பொறுத்தவரை, அது வழக்கமான ஏற்ற இறக்கமா, புதிதாக ஏதோ நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924இல் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கென்றே உள்ளது. கடைவாரியாக ஓராண்டின் வார ரசீதுகளை வரையுங்கள். அடுத்தடுத்த வாரங்களுக்கு இடையிலான வித்தியாசங்களின் சராசரியை 2.66ஆல் பெருக்கி, வார ரசீதுகளின் சராசரியைக் குறிக்கும் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் அந்தத் தூரத்தில் எல்லைக் கோடு போடுங்கள். பண்டிகை வாரங்களைத் தனி நிறத்தில் குறித்துவிட்டு, கீழ்க்கோட்டுக்குக் கீழே எந்த வாரங்கள் விழுகின்றன என்று பாருங்கள்.

ஜொகூர் விளக்கத்தையும் சோதிக்க முடியும். அருவி வரைபடம் மாற்றம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். ஏன் என்பதை அது காட்டாது. அந்த இரண்டையும் ஒரே படத்தில் ஒரே மாதிரிப் படிகளாக வரைந்தால் ஊகமும் கணக்கும் கலந்துவிடும். கடற்பாலம்தான் காரணம் என்றால் உட்லண்ட்ஸ், ஈசூன் கடைகளில் சரிவு அதிகமாகவும், அங் மோ கியோவில் குறைவாகவும் இருக்க வேண்டும். வார நாள்களைவிட வார இறுதியில் அதிகமாக இருக்க வேண்டும். கிழமைவாரியாக, கடைவாரியாக ஒரு சிறிய கட்ட அட்டவணை போட்டு, சரிவின் அளவுக்கேற்ப நிறத்தை அடர்த்தியாக்கினால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.


வடக்கு வட்டாரக் கணக்காளர் எழுதியது:

அனைவருக்கும் என் நன்றி. மூன்று இரவுகள் இதிலேயே செலவாயின. தொகைகளில் வரி சேர்ந்துதான் இருந்தது, நீக்கிவிட்டேன். தேக்கா வியாபாரி சொன்ன நான்கு வாரக் கணக்கில், பெரிய கடையின் ரசீதுகள் கூடவே இல்லை. 2 விழுக்காடு குறைந்திருக்கின்றன. அக்டோபரில் நாங்கள் கண்ட 1,700 ரசீது உயர்வு, தீபாவளி நாள் நகர்ந்ததால் வந்த தோற்றம்தான்.

தீபாவளி மாதத்தில் சராசரி ரசீதுத் தொகை கூட வேண்டுமே, ஏன் குறைந்தது என்று பெரிய கடையை மேலும் பிரித்துப் பார்த்தேன். கடை வாசலில் போட்டிருந்த அகல் விளக்கு, பூ விற்கும் தற்காலிகக் கல்லாவின் ரசீதுகள் ஆறு, ஏழு வெள்ளிக்குத்தான் இருந்தன. அந்தக் கல்லா சென்ற ஆண்டு நவம்பரில்தான் திறக்கப்பட்டது. அதை ஒதுக்கினால் உள்ளே இருக்கும் கல்லாக்களின் சராசரி சற்றுக் கூடியிருக்கிறது. ஐயா சொன்ன சிம்ப்சன் முரண் ஒரே கடைக்குள்ளும் இருக்கிறது.

கட்ட அட்டவணை எனக்கு எதிர்பாராத விடையைத் தந்தது. மிக அடர்ந்த நிறம் அங் மோ கியோ வரிசையில், திங்கள் முதல் வெள்ளி வரையிலான கட்டங்களில். உட்லண்ட்ஸ் கடையின் வார இறுதி ரசீதுகள் கட்டுப்பாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அங் மோ கியோவில் செப்டம்பர் மூன்றாவது வாரத்திலிருந்து தொடர்ந்து ஏழு வாரங்கள் கீழ்க்கோட்டுக்குக் கீழே. நேரவாரியாகப் பார்த்தால் மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் ரசீதுகள் காணாமல் போயிருக்கின்றன.

வரும் கூட்டத்துக்கு இரண்டே படங்கள் கொண்டு போகிறேன்: நான்கு வாரக் கணக்கில் வரி நீக்கிய ஐந்து படி அருவி ஒன்று, அந்தக் கட்ட அட்டவணை ஒன்று. நவம்பர் எண் எப்படித் தெரியும் என்பதையும் முன்னதாகவே முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங் மோ கியோ கடைக்குப் போய் எட்டு மணி வரை நின்று பார்க்கப் போகிறேன்.